காரணம் எழுதும் கட்டம்

கம்பெனி கொடுத்த தாளில் பதினான்கு கட்டங்கள்.
பாடத்திட்டம், கட்டணம், கழிவறை,
பாம்பு வருமா,
ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம்.
கடைசிக் கட்டம் மட்டும் கொஞ்சம் பெரியது:
தேர்ந்ததற்குக் காரணம்.

செக் நாட்டிலிருந்து உருட்டாலை பூட்ட வந்த
ஒந்த்ரேய்க்கு இரண்டு வருட ஒப்பந்தம்.
அவர் மனைவி யானா சன்னலோரம்.
நடுவில் மகள், எட்டு வயது.
முன்சீட்டில் நான்,
நிர்வாகப் பிரிவு உதவியாளர்,
தேவைக்கு மட்டும் ஆங்கிலம்.

முதல் பள்ளி கீழேயே, ஓமலூர் ரோட்டில்.
பேருக்குப் பின்னால் இன்டர்நேஷனல் இருந்தது.
வரவேற்பறையில் உலகம் உருண்டையாக நின்று
மின்சாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.
ஆயிரத்து நானூறு பிள்ளைகள்.
பாஸ்போர்ட் நகலைப் பார்த்து முதல்வர் அம்மா
"வெல்கம், ஜிட்கா" என்றார்.
குழந்தை திரும்பவே இல்லை.
வேறு யாரையோ கூப்பிடுகிறார்
என்று நினைத்திருக்கும்.

பிறகு மலை.
ஏழாவது கொண்டை ஊசியில் வாந்தி.
யானா முதுகைத் தடவ,
வழியில் தின்ன வாங்கிய தட்டுவடை செட்டை
நான் சீட்டுக்கடியில் தள்ளினேன்.
குரங்குகள் அதை மட்டும் கவனித்தன.

இரண்டாவது பள்ளியில் கல் கட்டிடம்,
குதிரைக்கு லாயம், நீச்சல் குளம்.
பன்னிரண்டு கட்டங்களில் டிக் அடித்தேன்.
"ஜே இல்லை, ய" என்று ஒந்த்ரேய் திருத்தினார்.
அலுவலர் மன்னிப்புக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.
வாசல்வரை வந்து
"பை, ஜிட்கா" என்றார்.

நாகலூர் போகும் வழியில் மூன்றாவது.
பழைய காப்பி பங்களா,
சவுக்குமரத்தில் ஏறிய மிளகு,
கார் ஷெட்டுக்குள் ஆய்வுக்கூடம்.
மொத்தம் இருபத்தாறு பேர்.
கேட்டில் சடைச்சி என்றொரு பெண்,
காக்கிச் சட்டைக்குக் கீழே சேலை,
கையில் நாற்பது பக்க நோட்டு.
"பேரு என்ன பாப்பா?"
நான் மொழிபெயர்க்குமுன்
குழந்தை சொல்லிவிட்டது.
"இன்னொருக்கா சொல்லு."
அவள் பார்த்தது வாயை.
பிறகு பேனாவைத் தொடையில் தட்டி
எழுதினாள்: யிட்கா.
எழுதியதை வாசித்தும் காட்டினாள்.
ஆங்கிலம் தெரியாததால்
தப்பாகச் சொல்ல அவளுக்கு வழியில்லை.

குழந்தை இறங்கிப் போய்
தன் பேரைப் பார்த்தது.
'யி' மேல் விரல் வைத்து
வளைவு வளைவாய் ஓட்டியது,
வாந்தி எடுக்காமல்.

உள்ளே ஹெப்சிபா டீச்சர் எதையும் மறைக்கவில்லை.
"அறிவியலுக்கு ஆள் தேடுகிறோம், ஜூன் மாதத்திலிருந்து.
போன வருடம் பரீட்சைக்கு நாலு பேர்.
மூணு பேர் பாஸ்.
ஒருத்தன் நடுவிலேயே கொரியாவுக்குப் போய்விட்டான்.
காட்டெருமை வரும், கதவைச் சாத்திக்கொள்வோம்."
நான் தாளில் இல்லை, இல்லை, இல்லை
என்று எழுதிக்கொண்டே போனேன்.
ஒந்த்ரேயின் முகம் சுருங்கியது.

இறங்கும் வழியெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை.
அவர்கள் மொழியில் ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை.
நடுநடுவே அந்தப் பேர் மட்டும் வந்தது,
சடைச்சி சொன்ன மாதிரியே.
கோரிமேடு தாண்டியதும் சத்தம் அடங்கியது.
"மூன்றாவது" என்றாள் யானா.
ஒந்த்ரேய் வெளியே பார்த்துக்கொண்டு
தலையசைத்தார். முழு மனசோடு அல்ல.
குழந்தை தட்டுவடையைக் கண்டுபிடித்து
பீட்ரூட் சிந்தச் சிந்தத் தின்றது.

இரவு எட்டு மணி, அம்மாப்பேட்டை வீடு.
தாளை விரித்து உட்கார்ந்தேன்.
காரணம்?
"கேட்டில் நிற்கும் பெண்ணுக்குக் காது நல்லது"
என்று எழுதினால் மேலாளர் சிரிப்பார்.
"குறைந்த மாணவர் எண்ணிக்கை, தனிக்கவனம்"
என்று எழுதினேன்.
பொய் இல்லை.

என் மகனுக்குப் பள்ளி தேர்ந்தபோது
வேன் நம் சந்துக்குள் வருமா
என்று மட்டும் கேட்டேன்.
பத்து நிமிடத்தில் முடிந்தது.
எதிரே உட்கார்ந்து
ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்தான்.
மகிழ்கோ என்று வைத்த பேர் அவனுக்கு.
"உன்னை கிளாஸ்ல எப்பிடிடா கூப்பிடுறாங்க?"

"முப்பத்தேழு" என்றான்,
நிமிராமல்,
அப்பளம் கேட்கிற அதே குரலில்.